பச்சை வந்தால் பனி, சிவப்பு வந்தால் ராதோமான்

போத்கூக், கிரிவோஷியே
மார்ச் 9

அன்புத் தம்பி வாசோவுக்கு, அக்கா ரோசாந்தா எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் சுகம். உனக்கு இருமல் விட்டதா, லுப்லியானாவில் மூடுபனி கலைந்ததா என்று எழுது.

போனில் சொல்லலாமே என்பாய். இங்கே போன் எடுக்க வேண்டுமென்றால் தேவாலயத்துக்குப் பின்னால் பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். அங்கே நின்றால் காற்று பேசுவதுதான் உனக்குக் கேட்கும். தவிர, போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை.

போன ஆகஸ்டில் நம் வீட்டு ஸ்துதென் சுனை நின்றுபோனது உனக்குத் தெரியும். மற்றதை நான் சொல்லவில்லை. மூன்று தொட்டி ட்ரவுட் மீனும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மண்வெட்டியால் அள்ளிப் புதைத்தேன். அந்த வாடை கையை விட்டுப் போகக் குளிர்காலம் வரவேண்டியிருந்தது. ஐரோப்பாவிலேயே அதிகம் மழை கொட்டும் மலை என்று நமக்குப் பெயர். கொட்டுவதையெல்லாம் இந்தச் சுண்ணாம்புப் பாறை குடித்துவிடுகிறது. ஆகஸ்டில் ஆட்டுக்குக் காட்டத் தண்ணீர் இல்லை.

இதைச் செய்தது யார் என்று எனக்குத் தெரியும். பள்ளியில் என் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராதோமான். முதுகுமலைக்கு அந்தப்புறம் அவன் கல்குவாரி போட்ட அடுத்த கோடையிலேயே சுனை நின்றது. அவன் வெடி வைத்தால் என் அலமாரியில் காப்பிக் கோப்பைகள் குலுங்குகின்றன. கோப்பையே குலுங்கினால் மலைக்குள் தண்ணீர் ஓடும் வழி உடையாதா? ஹெர்செக் நோவி கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டேன். செப்டம்பரில் விசாரணை. ஆனால் வக்கீல் சொல்கிறார்: "அம்மா, கோப்பை குலுங்கினதெல்லாம் கோர்ட்ல நிக்காது. படிச்சவங்க யாராவது எழுதிக் குடுக்கணும். உங்க தம்பி தண்ணியப் பத்தித்தானே படிச்சிருக்காரு?"

ஒரே ஒரு பக்கம் எழுதி, பல்கலைக்கழக முத்திரை போட்டு அனுப்பு. இத்துடன் பன்றித்தொடை வற்றல் வைத்திருக்கிறேன். மெல்லியதாக நறுக்கித் தின்னு.

உன் அக்கா,
ரோசாந்தா


லுப்லியானா
மார்ச் 25

பிரியமுள்ள அக்காவுக்கு, இருமல் போய்விட்டது. மூடுபனி போகவில்லை. வற்றல் ஒரே நாளில் தீர்ந்தது, உன் கடிதம் இன்னும் தீரவில்லை. கிர்ஸ்தோ அத்தானுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீ கேட்ட பக்கத்தை நான் எழுத மாட்டேன். கடிதத்தைக் கசக்கிப் போடாமல் மேலே படி.

கோப்பை குலுங்கியது உண்மை. சுனை நின்றது உண்மை. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு மலை இருக்கிறது. அதற்குள் என்ன நடக்கிறது என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. எனக்கும் ஓர் ஊகம் உண்டு. மேலே பீச் மரக் காட்டில் இருக்கிற பனிக்குழிகளை நினைத்துப் பார். சின்ன வயதில் ஆகஸ்ட் திருநாளுக்கு அங்கே போய்ப் பனி சுரண்டித் தின்றோம். பூமி சூடேறி இப்போது அந்தப் பனி ஜூலைக்கே உருகிவிடுகிறது, அதனால்தான் கோடையில் சுனைக்கு வரத்து இல்லை என்று நான் நினைக்கிறேன். ஆனால் நாம் பனி தின்றது ஞாபகம்தான். ஞாபகம் ஒரு துப்பு, சாட்சி ஆகாது. ஆக உன் நம்பிக்கைக்கும் என் நம்பிக்கைக்கும் இப்போதைக்கு எடை ஒன்றுதான்.

மலையையே கேட்போம். ஜூனில் வருகிறேன். பனிக்குழியில் பச்சைச் சாயம் ஊற்றுவோம். குவாரிக்குள் இருக்கிற பிளவில் சிவப்புச் சாயம் ஊற்றுவோம். மனிதருக்கும் மீனுக்கும் கெடுதல் இல்லாத சாயங்கள். உன் சுனைக்கு எந்த நிறம் வருகிறது என்று பார்ப்போம். அதுவரை வாரம் ஒரு பாட்டில் சுனைத்தண்ணீர் பிடித்து, தேதி எழுதி, பஸ் ஓட்டுநர் மீத்தரிடம் கொடுத்துவிடு.

ஒரு நிபந்தனை. என்ன நடந்தால் "நான் நினைத்தது தப்பு" என்று ஒப்புக்கொள்வாய் என்பதை இப்போதே எழுதி வைத்துவிடு. நிறம் வந்த பிறகு எழுதினால் செல்லாது. நானும் எழுதி வைக்கிறேன்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

வாசோ


போத்கூக்
ஏப்ரல் 14

தம்பிக்கு ஆசிகள். ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் பெண். உடம்புக்கு ஒன்றுமில்லை. தொட்டிச் சுவரைத் தனியாகத் தூக்கிக் கட்டியதில் முதுகு மட்டும் பேசுகிறது.

உன்னிடம் ஒரு பக்கம் கேட்டேன். நீ ஒரு பெட்டி காலிப் பாட்டில் அனுப்பியிருக்கிறாய். மீத்தர் அதை இறக்கி வைத்துவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "ரோசாந்தா, ராக்கியாச் சாராயம் காய்ச்சப் போறியா? எனக்கு முதல் பாட்டில்!" என்றான். "இது என் தம்பியோட படிப்பு. ஒண்ணு உடைஞ்சாலும் உன் மண்டை உடையும்" என்றேன்.

மூன்று பாட்டில் இத்துடன் வருகிறது.

நிபந்தனையை எழுதிவிட்டேன்: "விசாரணை நாளுக்குள் என் சுனையில் சிவப்பு வராவிட்டால் வழக்கை எடுத்துக்கொள்வேன். ராதோமானிடம் நேரில் போய்ச் சொல்வேன்." எழுதும்போது கை கூசியது. சிவப்பு வரும், வாசோ. வரத்தான் போகிறது. ஆனாலும் "வராவிட்டால்" என்று எழுதிய பிறகு, அன்று முழுக்க யாரோ என் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனது போல இருந்தது.

மலையேறும்போது போட ஒரு கம்பளி மேல்சட்டை பின்னுகிறேன். தோள் அளவு எழுது.

அக்கா


லுப்லியானா
மே 5

அக்காவுக்கு வாசோ எழுதுவது. நலமாக இருக்கிறேன். தோள் அளவு பழையதுதான், வயிற்றளவு மாறியிருக்கிறது. குட்டிகளுக்கு என் முத்தம். அத்தானைப் பற்றி நீ எழுதவே இல்லையே?

உன் பாட்டில்களைக் கருவியில் வைத்துப் பார்த்தோம். எத்தனை வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன், இன்னும் மயிர்க்கூச்செறிகிறது. தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனில் கனமானது ஒன்று, லேசானது ஒன்று. மேகம் எவ்வளவு குளிர்ந்த வானத்தில் உறைந்ததோ, அதற்கேற்றபடி அதிலிருந்து விழும் பனியில் லேசானது கூடும். அந்தப் பனி உருகி, மலைக்குள் இருட்டில் ஓடி, உன் சுனையில் வந்து கொட்டி, பாட்டிலில் அடைபட்டு, மீத்தரின் பஸ்ஸில் குலுங்கி இங்கே வந்த பிறகும், தான் விழுந்த வானத்தின் குளிரை மறப்பதில்லை. ஏப்ரலில் நீ குடித்த தண்ணீரில் பாதிக்கு மேல் பனி.

ஒன்று கேட்கிறேன், வருத்தப்படாதே. ஏப்ரல் கடைசி வாரப் பாட்டில் மட்டும் மற்றவற்றோடு சேரவில்லை. அது சுனைத்தண்ணீரே இல்லை. இலையுதிர்கால மழை. நம் வீட்டுக் கூரைக்குக் கீழே இருக்கிற மழைத்தொட்டியில்தான் அந்தத் தண்ணீர் நிற்கும். அந்த வாரம் எங்கே போயிருந்தாய், அக்கா?

வாசோ


போத்கூக்
மே 27

வாசோ, நலம்தான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டேன். நம் கூரையைப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது உனக்கு! அங்கே உட்கார்ந்துகொண்டு, எந்தத் தொட்டியில் மொண்டேன் என்று சொல்கிறாய். பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கும்போதுகூட நான் இப்படி மாட்டிக்கொண்டதில்லை.

ஆமாம், தொட்டித் தண்ணீர்தான். அன்று காலையிலிருந்து மாலைவரை வீட்டில் இல்லை. திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது, சுனைவரை நடக்க மனசில்லை. தண்ணீர்தானே, எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தேன். எங்கே போயிருந்தேன் என்று கேட்காதே. இனிமேல் அப்படிச் செய்ய மாட்டேன்.

அன்றிலிருந்து பாட்டிலைச் சுனைக்கு எடுத்துப் போகும்போது தேவாலயத்துக்குப் போகிற மாதிரி தலையில் துணி கட்டிக்கொண்டு போகிறேன். ஏனென்று தெரியவில்லை.

ஜூனில் வருகிறாயல்லவா? கம்பளிச் சட்டை தயார்.

ரோசாந்தா


லுப்லியானா
ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு, சுகமாக வந்து சேர்ந்தேன். கம்பளிச் சட்டையைப் பார்த்து என்னோடு வேலை செய்யும் மெத்கா பொறாமைப்படுகிறாள். நீ கொடுத்த பாலாடைக்கட்டியில் பாதியை அவளுக்குக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

குழிக்குள் இறங்கி மேலே வந்ததும் என்ன பார்த்தேன் என்று கேட்டாய்.  இப்போது எழுதுகிறேன். மேலே வெயில், தும்பி, காட்டு ஸ்ட்ராபெரி. கயிற்றில் இறங்க இறங்க மாதங்கள் பின்னால் போயின. ஏப்ரலைத் தாண்டி மார்ச்சுக்குள் போனேன். அடியில் பனி, ஒரு வண்டியளவுதான் மிச்சம். அதன் வெட்டுமுகத்தில் கோடு கோடாக இந்தக் குளிர்காலத்து ஒவ்வொரு பனிப்பொழிவும். நடுவே துருநிறத்தில் ஒரு கோடு. அது நம் மண் இல்லை, அக்கா. கடல் தாண்டி ஆப்பிரிக்கப் பாலைவனத்திலிருந்து காற்று கொண்டுவந்த தூசி. விரலால் தொட்டேன். எவ்வளவு பெரிய உலகம் ஒரு குழிக்குள் வந்து படுத்திருக்கிறது! பிறகு கீழே பாறைப் பிளவில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கிப் போகும் சத்தம். எங்கே போகிறதென்று அந்தத் தண்ணீருக்கும் தெரியாது.

ராதோமான் நம்மைத் துரத்துவான் என்றுதான் நினைத்தேன். அவனோ, "ஊத்துங்க தம்பி, தாராளமா ஊத்துங்க. சிவப்பு வந்தா நானே கோர்ட்டுக்கு வந்து கைய நீட்டறேன்" என்றான். சாயத்தை உள்ளே தள்ளிவிடத் தன் தண்ணீர் லாரியையும் கொடுத்தான். பனிக்குழிக்கும் வேடிக்கை பார்க்க வந்தான். பச்சைச் சாயம் பொடியாக இருக்கையில் செங்கல் நிறம்தானே, அதைப் பார்த்துவிட்டு, "பச்சைன்னு சொல்லிட்டு சிவப்பைக் கொட்டறியே, அக்காவும் தம்பியும் கூட்டா?" என்று அவன் கத்தியதும், தண்ணீர் பட்டவுடன் அது பச்சையாகத் தீப்பிடித்ததும், அவன் வாய் மூட மறந்ததும் எனக்கு என்றைக்கும் மறக்காது.

அந்த லாரியை ஓட்டி வந்தது அத்தான். மஞ்சள் தொப்பி போட்டிருந்தார். நீ முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாய். அவர் என்னிடம் "சாப்பிட்டியா, வாசோ?" என்று மட்டும் கேட்டார். உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

கரித்தூள் பைகளைச் சுனையில் கட்டியிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத சாயத்தையும் கரி பிடித்துவைக்கும். வாரம் ஒன்றை அவிழ்த்து அனுப்பு. கீழே வளைகுடாக் கரையில் இருக்கிற ஊற்றுகளிலும் பைகள் கட்டியிருக்கிறோம்.

வாசோ


போத்கூக்
ஜூலை 8

வாசோவுக்கு அக்கா. ஆடுகள் சுகம். இங்கே வெயில் பாறையைப் பிளக்கிறது.

சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. தினமும் விடிந்ததும் போய்ப் பார்க்கிறேன். கண்ணாடி மாதிரி ஓடுகிறது, நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு. ஊரில் பந்தயமே கட்டிவிட்டார்கள். மீத்தர் ஒவ்வொரு நடையிலும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பச்சையா, சிவப்பா?" என்கிறான். "உன் மூக்கு மாதிரி வெறுமையா இருக்கு" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை.

நீ கேட்காததற்குப் பதில் சொல்கிறேன். மீன் செத்த பிறகு, நான் வழக்குப் போட்ட அன்று, கிர்ஸ்தோ சொன்னார்: "ரோசா, அவன் செய்யலைன்னு நான் சொல்லல. செஞ்சான்னு உனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறேன்." நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வீட்டில் வருமானம் இல்லை. அவர் குவாரியில் வேலைக்குச் சேர்ந்தார். "அவன் கூலியில் வாங்கின ரொட்டி என் மேசைக்கு வரக் கூடாது" என்றேன். பிறகு அவரும் வரவில்லை. அங்கேயே கொட்டகையில் படுத்துக்கொள்கிறார்.

ஏப்ரலில் அந்த ஒரு நாள் முதுகுமலைமேல் போய் உட்கார்ந்திருந்தேன். கீழே மஞ்சள் தொப்பிகள் எறும்பு மாதிரி. எது அவருடையது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மாலைவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ராதோமான் செய்யவில்லை என்று ஆகிவிட்டால் இந்த வருடம் முழுவதையும் நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன், வாசோ? அதனால்தான் சிவப்பு வேண்டும்.

ரோசாந்தா


லுப்லியானா
ஜூலை 22

அக்கா, உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே.

எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. பச்சை வரும் என்று ஒரு மாநாட்டில் முன்கூட்டியே பேசிவிட்டேன். போன வாரம் உன் கரிப்பையைக் கருவியில் வைத்தபோது கோடு தட்டையாக இருந்தது. ஒரு மூலையில் மட்டும் துளி மேடு. பச்சையோ என்று பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது வளர்ந்தது. பிறகுதான் உறைத்தது, வளர்ந்தது என் ஆசை. நீ சிவப்பைத் தேடுகிற மாதிரியே நான் பச்சையைத் தேடுகிறேன்.

அதனால் பைகளையெல்லாம் மெத்காவிடம் கொடுத்துவிட்டேன். எந்த ஊர், எந்தத் தேதி என்று எதுவும் தெரியாமல் அவளே பார்ப்பாள். சாயம் ஊற்றுவதற்கு முன்பு எடுத்த பைகளும் நடுவே கலந்திருக்கின்றன. அவளுக்கு நம் ஊரும் தெரியாது, நம் சண்டையும் தெரியாது.

என் ஊகம் தப்பாக இருக்கலாம். காத்திரு.

வாசோ


போத்கூக்
ஆகஸ்ட் 21

என் தம்பி வாசோ, நீ எங்கே இருந்தாலும் கர்த்தர் உன்னை நன்றாக வைக்கட்டும். நான் நலம். 

மாதத் தொடக்கத்தில் சுனை நூலாகிவிட்டது. இந்த வசந்தத்தில் புதிதாக வாங்கி விட்ட மீன்களை மழைத்தொட்டிக்கு மாற்றினேன். பாதி பிழைத்தது. திருநாளுக்கு முந்தின நாள் இடி. அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. வானமே அறுந்து விழுந்தது. மறுநாள் சுனை கலங்கலாகப் பாய்ந்தது. அதற்கடுத்த நாள் காலை, நேற்று, கோழிகளைத் திறந்துவிட வெளியே வந்தேன்.

பச்சை, வாசோ.

புல்லின் பச்சை இல்லை, இலையின் பச்சையும் இல்லை. இந்த உலகத்தில் அப்படி ஒரு நிறத்துக்கு வேலையே இல்லை. பாறையின் வாயிலிருந்து வெளிச்சம் உருகி வழிகிற மாதிரி வந்தது. மூன்று தொட்டியும் நிரம்பி, வாய்க்கால் வழியே சாலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நாய் அதைப் பார்த்துக் குரைத்துவிட்டு என் காலுக்கு நடுவே ஒளிந்துகொண்டது. நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். நீயும் நானும் ஜூனில் அந்தக் குழியில் ஊற்றியது! ஒரு மலையின் வயிற்றுக்குள், எந்தக் கண்ணும் பார்க்காத வழியில், இத்தனை நாள் நடந்து என் வாசலுக்கு வந்திருக்கிறது. சொல்லியனுப்பின மாதிரி.

மீத்தர் பஸ்ஸை நிறுத்தினான். வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கி வந்தார்கள்.  ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களைக் கழற்றச் சொல்லவில்லை.

ராதோமானும் வந்தான். நான் எழுந்து, "உன்னைப் பத்தி நான் நினைச்சது தப்பா இருக்கலாம்" என்றேன்.

"இருக்கலாமா?"

"சிவப்பு இன்னும் வரலாம்ல. என் தம்பி அப்படித்தான் சொல்லுவான்."

"நல்ல குடும்பம்டா சாமி! ரோசாந்தா, கொஞ்சம் நகரு, மறைக்கிற" என்றான். அவன் கண் தண்ணீரை விட்டு அகலவே இல்லை.

அவனுக்குப் பின்னால் கிர்ஸ்தோ. கிட்டே வந்து, குனிந்து, இரண்டு கையாலும் அந்தப் பச்சையை அள்ளினார். கையில் எடுத்ததும் அது வெறும் தண்ணீராகத் தெரிந்தது. திரும்ப விட்டதும் பச்சை. "ரோசா, பாரேன்" என்றார். நானும் அள்ளிப் பார்த்தேன். பெரியவர்கள் இரண்டு பேர் குழந்தைகள் மாதிரி அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தோம்.

பையையும் பாட்டிலையும் அனுப்புகிறேன். மெத்கா பார்க்கட்டும். சிவப்புக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல். விசாரணை நாள்வரை பொறுத்திருக்கிறேன்.

அக்கா


லுப்லியானா
செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும், வணக்கங்கள். நலம். இதை எழுத உட்கார்ந்து பல நாளாகிறது.

மெத்கா முடித்துவிட்டாள். உன் பையில் பச்சை உறுதி. சிவப்பின் சுவடே இல்லை. சிவப்பு கீழே வளைகுடா ஊற்றில் இருக்கிறது. ராதோமானின் பிளவில் விழுகிற தண்ணீர் உன் சுனையை எட்டிக்கூடப் பார்க்காமல் நேராகக் கடலுக்குப் போகிறது.

ஆனால் நிறம் வழியை மட்டும்தான் காட்டும், சுனை ஏன் நின்றது என்று சொல்லாது. அதைச் சொன்னவை உன் பாட்டில்கள். ஏப்ரலில் பாதிக்கு மேல் பனி, ஜூனில் கால்பங்கு, ஜூலை நடுவில் ஒன்றுமில்லை. பனியின் பங்கு இறங்க இறங்கச் சுனையும் இறங்கியிருக்கிறது. நம் மலை ஆஸ்திரியாவிடம் இருந்த பழைய காலத்தில் அதன் படையினர் வரைந்த வரைபடம் ஒன்றும் கிடைத்தது. சிப்பாய்களுக்குக் கோடைத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று குறித்திருக்கிறார்கள். நாம் இறங்கிய குழியில் "செப்டம்பரிலும் பனி" என்று இருக்கிறது. மலை வானிலை நிலையத்தின் கணக்கும் அதே பக்கம் சாய்கிறது. நாம் பனி தின்றது பொய்யில்லை. ஒரு மலை, ஒரு வருடம்தான் பார்த்திருக்கிறோம். இன்னும் பல வருடம் பார்க்க வேண்டும். ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் பனிதான் என்பேன்.

என் ஊகம் சரியாக வந்த அன்று குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். ஜன்னலோரம் போய் நின்றேன். ராதோமான் குற்றவாளி என்றால் ஒரு நீதிபதி அவனை நிறுத்தியிருப்பார், சுனை பிழைத்திருக்கும். பனி போனதற்கு யார்மேல் வழக்குப் போடுவது? லுப்லியானாவில் நான் பற்றவைக்கும் கணப்பும், மீத்தரின் பஸ்ஸும், உலகத்திலுள்ள எல்லாப் புகையும் அந்தக் குழியின் விளிம்பில் வந்து நிற்கின்றன. நீ கேட்ட சிவப்பே வந்திருக்கலாம், அக்கா. முதல்முறையாக, நான் தோற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

வாசோ


போத்கூக்
நவம்பர் 14

தம்பிக்கு, அக்காவும் அத்தானும் எழுதுவது. இரண்டு பேரும் சுகம். அவருக்கு முழங்கால் குளிருக்கு வலிக்கிறது, எண்ணெய் தேய்க்கிறேன். வேலைக்கு ராதோமானிடம் போகிறார், சாப்பிட இங்கே வருகிறார்.

வழக்கை எடுத்துவிட்டேன். ராதோமான் வீட்டுக்குப் போய், "தப்பா நினைச்சுட்டேன்" என்றேன். "வருஷம் பூரா திட்டினியே, அதைத் திருப்பி எடுத்துக்கறியா?" என்றான். "எல்லாத்தையும் இல்ல. பள்ளிக்கூடத்துல என் பின்னல்ல பசை தடவினது நீதான். அதுக்குத் திட்டினது இருக்கட்டும்" என்றேன். சிரித்துவிட்டான்.

நீ ஜன்னலோரம் நின்றதைப் படித்துவிட்டு கிர்ஸ்தோ கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். பிறகு சொன்னார், முன்காலத்தில் ஆட்கள் குழிப்பனியைப் பீச் இலையால் மூடிவைப்பார்களாம், நாமும் மூடிப் பார்க்கலாம் என்று. அந்தப் பெரிய குழியையும் பக்கத்துக் குழியையும் சேர்த்தே மூடிவிடலாம் என்றார்.

"ரெண்டையும் மூடக் கூடாது. ஒண்ணுதான்" என்றேன்.

"ஏன்? ரெண்டுலயும் பனி நின்னா நல்லதுதானே?"

"நின்னா, இலையால நின்னுதா, குளிர் வருஷமானதால நின்னுதான்னு எப்படித் தெரியும்?"

என்னையே பார்த்தார். "சரி, ஆழமான குழிய மூடுவோம்."

"நீ ஆசைப்படற குழிய மூடினா அது ஏமாத்து. காசு சுண்டு."

சுண்டினோம். சின்னக் குழிக்கு விழுந்தது. அவர் முகம் வாடியதைப் பார்க்க வேண்டுமே! குவாரி ஆட்கள் சாக்குச் சாக்காகச் சருகு சேர்த்திருக்கிறார்கள். குளிர்காலம் குழியை நிரப்பியதும் மூடுவோம். பாட்டில் பெட்டி அனுப்பு, காலியாகிவிட்டது.

ரோசாந்தா


போத்கூக்
ஆகஸ்ட் 17

அன்புள்ள வாசோவுக்கு, அடுத்த கோடையும் வந்துவிட்டது. நாங்கள் நலம். நீயும் மெத்காவும் நலமா? அவளைப் பற்றி நீ எழுதுவதைவிட எழுதாமல் விடுவது அதிகமாகிக்கொண்டு வருகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

சுனை போன வாரம் நின்றது. மறைக்க ஒன்றுமில்லை. மீன்களை முன்பே விற்றுவிட்டோம். தொட்டிகளைக் குளிர்காலத் தண்ணீர் பிடித்துவைக்க ஆழமாக வெட்டியிருக்கிறார் கிர்ஸ்தோ. ஆடுகளுக்கு இந்த வருடம் கஷ்டமில்லை.

நேற்று இரண்டு பேரும் குழிகளுக்குப் போனோம். மூடாத பெரிய குழியில் ஈரப் பாறையும் ஒரு செத்த வண்டும்தான். பிறகு சின்னக் குழியில் கயிறு கட்டி நானே இறங்கினேன். கிர்ஸ்தோ மேலே நின்று, "வயசுக்குத் தகுந்த மாதிரி நட, ரோசா!" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

சருகை விலக்கினேன். கை சில்லென்றது. பனி இருந்தது, வாசோ. ஆகஸ்டில். அழுக்காக, இறுகி, ஒரு மாடு படுத்திருக்கிற அளவுக்கு. உள்ளங்கையை வைத்தேன். எடுக்க மனசு வரவில்லை.

ஒரு குழி பனி ஒரு சுனையைக் காப்பாற்றாது, அது எனக்குத் தெரியும். மேலே நூற்றுக்கணக்கில் குழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் மூட இந்த மலையில் ஆளும் இல்லை, இலையும் இல்லை. ஒரே வருடத்தில், ஒரே ஒரு காசு சுண்டி, இலைதான் காப்பாற்றியது என்று சொல்லவும் மாட்டேன். சின்னக் குழிக்கு நிழல் அதிகமாக இருக்கலாம். அடுத்த வருடம் மாற்றி மூடிப் பார்ப்போம்.

"என்ன இருக்கு?" என்று கிர்ஸ்தோ கேட்டார்.  அப்போது அது கேட்டது. பனிக்கு அடியில், பாறைப் பிளவுக்குள், ஒரு சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. கையசைத்து அவரையும் பேசாமல் இருக்கச் சொன்னேன். அவர் விளிம்பில் குப்புறப் படுத்துக் காது கொடுத்தார். உலகத்தில் வேறு சத்தமே இல்லை. சொட்டு விழுந்து, இருட்டுக்குள் கீழே கீழே போனது. அது எங்கே போகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

உன் அக்கா,
ரோசாந்தா